பாட்டு முடிந்த பிறகு வந்த குரல்

சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பாடுகிறவர் குரலுக்குப் பின்னால் ஒரு சின்ன இரைச்சல் கேட்டால் அது மின்விசிறியா, வயரா, பக்கத்து அறைக் குளிர்பெட்டியா என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பேன், கடைசியில் பிடித்துவிடுவேன். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் பல்லி கத்தினால் அம்மா எடுத்த காலைக் கீழே வைக்க மாட்டார். நானோ, பல்லி இவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு இவ்வளவு சத்தம் எப்படிப் போடுகிறது என்று யோசிப்பேன். பேய், சகுனம், குறி, கனவு என்று யார் ஆரம்பித்தாலும் எழுந்து போய்விடுகிறவள் நான். இதைப் படித்துவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், அவ்வளவுதான் என்னால் முடியும்.

மின்னணுவியல் படித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். இந்தச் சில வருடங்களாகப் பழையபடி இசைத்தட்டு கேட்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள், அதனால் பாட்டுகளைத் தட்டுக்கு ஏற்றபடி தயார் செய்து ஆலைக்கு அனுப்புவதும் எங்கள் வேலையில் சேர்ந்துகொண்டது. ஆலை எங்கள் ஊர்ப்பக்கம் இல்லை, வெகு தூரம். அங்கே முதலில் ஒரு மெழுகு போன்ற பூச்சின் மேல் ஊசியால் பாட்டைக் கீறுவார்கள். அதன் மேல் உலோகம் படிய வைத்து அச்சு எடுப்பார்கள். சூடான பிளாஸ்டிக்கை அந்த அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. மொத்தமாக அடிப்பதற்கு முன்னால் சில மாதிரித் தட்டுகள் வரும், அட்டையும் பெயரும் இல்லாமல் வெறுமனே. நாங்கள் கேட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மீதியை அடிப்பார்கள்.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவச் சபை. அதன் பாடகர் குழு தாங்களே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகளைத் தட்டாக அடிக்க வேண்டும் என்று, அந்தச் சபையில் வளர்ந்து இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் ஏற்பாடு செய்தார். நான் மைக்குகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். ஜீப்பை ஓட்டி வந்தவர் சாலமோன் அண்ணன். அவருடைய மனைவிதான் எஸ்தர் அக்கா, குழுவில் முதல் குரல். பகலெல்லாம் கொழுந்து பறிப்பவர். பாட வாயைத் திறந்தால் என் மீட்டரில் முள் சிவப்புக்குப் போய்விடும். மற்ற எல்லாரையும் மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அவரை மட்டும் கதவோரம் நிறுத்தினேன்.

"ஏ பிள்ள, என்னைய ஏன் வெளிய தள்ளுத? நான் என்ன மாடா?" என்றார்.

"உங்க குரல் பெருசுங்க அக்கா. கொஞ்சம் தள்ளி நின்னாத்தானுங்க சரியா வரும்."

"கேட்டியளா, இந்தப் பிள்ள மைக்குக்குக்கூட ங்க போட்டுப் பேசும் போலுக்கு" என்று அவர் சொல்ல, மொத்தக் குழுவும் சிரித்தது. அந்தச் சிரிப்பே ஒரு பாட்டுத் தொடக்கத்தைக் கெடுத்தது.

அந்தப் பதிவுக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்று எனக்கு மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது. எஸ்தர் அக்காவின் தொண்டையில் ஒரு கட்டி. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். குரலுக்குப் போகும் நரம்பின் மேலேயே அது உட்கார்ந்திருக்கிறது, குரல் மிஞ்சுமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பாட்டு போய்விடுமே என்று வருத்தப்பட்டு ஏதோ சொன்னேன். அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாட்டு போனா போவட்டும் பிள்ள. குழுவுல வேற ஆளா இல்ல? ஜெனிய எப்படிக் கூப்பிடுவேன்? அதச் சொல்லு."

ஜெனி அவருடைய மகள், பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்காத வயது. அவர் சொன்னதன் கனம் எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் நேரில் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அங்கே லயங்கள், அதாவது வரிசை வீடுகள், சரிவில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருக்கின்றன. நடுவில் ஜீப் பாதை வளைந்து போகிறது. மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. பிள்ளைகள் எங்கோ விளையாடிக்கொண்டிருப்பார்கள். அப்போது ஒவ்வொரு வாசலிலும் ஒரு அம்மா வந்து நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். வெறும் கூப்பாடு இல்லை, ஒவ்வொருத்திக்கும் ஒரு ராகம் உண்டு. ஒருத்தி முதல் எழுத்தை இழுப்பாள், ஒருத்தி கடைசி எழுத்தை உடைத்து மேலே ஏற்றுவாள். பெயர் காதில் சரியாக விழாவிட்டாலும் எந்த வீட்டுக் கூப்பாடு என்று மலைக்கே தெரியும். பிள்ளைகள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்வார்கள். எஸ்தர் அக்காவின் ராகம், "ஜெனியே" என்று கீழே தொடங்கி, ஒரு மூச்சு நிறுத்தி, "ஓ" என்று வானத்துக்குப் போகும்.

"ஒரு விசில் வாங்கிக் கழுத்துல மாட்டிக்க எஸ்தரு" என்றாள் எதிர்ச் சரிவு லயத்து மரியபுஷ்பம்.

"விசில் அடிச்சா சூப்பர்வைசர்னு நெனச்சு நீயெல்லாம் கூடையத் தூக்கிட்டு ஓடிருவியே" என்றார் எஸ்தர் அக்கா. அப்போதும் சிரித்தோம்.

பதிவு முடிந்ததும் நான் எப்போதும் செய்யும் ஒன்றைச் செய்தேன். எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, யாரும் பாடாத அந்த அறையின் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடிந்தவுடன் திடீரென்று ஒன்றுமே இல்லாமல் போனால் தட்டில் அது குழியில் விழுந்தது போல் கேட்கும். அதனால் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்குப் பின்னால் அந்த வெறும் அறையை ஒட்டிவைத்து ஆலைக்கு அனுப்பினேன். அதில் தகரக் கூரையில் நீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது. எனக்கு அது மனப்பாடம்.

மாதிரித் தட்டுகள் வருவதற்குள் சிகிச்சை முடிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, கட்டியை முழுக்க எடுத்துவிட்டார்கள். குரல் போய்விட்டது. கரகரப்பாகக்கூட வரவில்லை, காற்று மட்டும்தான் வந்தது. திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். சாலமோன் அண்ணன் போனில் இதைச் சொன்னபோது பின்னால் ஒரு தட்டும் சத்தம் கேட்டது. ஜெனியைக் கூப்பிட அக்கா ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு கரண்டியால் அடிப்பதாகச் சொன்னார்.

மாதிரித் தட்டுகளை ஸ்டுடியோவில் இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டேன். ஒரு பொரிச்சல் இல்லை, அதிர்வு இல்லை. கடைசியில் தகரக் கூரை, சொட்டு, முடிந்தது. ஆலைக்குச் சரி சொல்வதற்கு முன்னால் அக்காவைக் கேட்க வைக்க வேண்டும் என்று தோன்றியதால், கேட்டவற்றில் ஒன்றையும் பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி பிளேயரையும் எடுத்துக்கொண்டு மூணாறு போனேன்.

மத்தியானம்தான், வெளியே வெளிச்சம் நன்றாக இருந்தது, ஆனால் முழுக்க வெள்ளை. கதவைத் திறந்து வைத்தால் மூடுபனி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. எஸ்தர் அக்கா கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சாலமோன் அண்ணன் கட்டிலில். ஜெனி பிளேயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, தொட விடவில்லை என்று கோபித்துக்கொண்டு மூலைக்குப் போனாள். அவள் எப்போது அந்த மூலையை விட்டு எழுந்தாள் என்று எங்கள் மூன்று பேரில் யாருக்கும் தெரியாது. நாங்கள் அக்காவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம், கேட்டபடியே அவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசிப் பாட்டு முடிந்தது. தகரக் கூரை, சொட்டு. ஊசியைத் தூக்க நான் கையை நீட்டினேன்.

அப்போது தட்டில் மரம் தரையில் மோதுகிற ஒரு சத்தம் வந்தது. பிறகு சாலமோன் அண்ணனின் குரல், "எஸ்தரு, பிள்ள எங்க?" பிறகு அக்காவின் குரல். பாட்டுக் குரல் இல்லை, கூப்பாடு. "ஜெனியே... ஓ... அங்க போவாத, நில்லு!"

என் கை அப்படியே நின்றது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் உதடு மூடியிருந்தது. அவர் விருட்டென்று எழுந்தார், முக்காலி பின்னால் சாய்ந்து தரையில் மோதியது. சற்று முன்னால் தட்டில் கேட்ட அதே சத்தம். நான் சத்தங்களை ஒப்பிட்டுச் சம்பாதிக்கிறவள், அதே சத்தம்தான். சாலமோன் அண்ணன் கட்டிலிலிருந்து குதித்து, "எஸ்தரு, பிள்ள எங்க?" என்றார். அதே இடத்தில் அதே நடுக்கம். இதே வார்த்தைகளைத் தன் குரலிலேயே சற்று முன்னால் தட்டில் கேட்டோம் என்பது அவருக்கு அப்போது உறைக்கவே இல்லை.

மூலை காலியாக இருந்தது.

மூன்று பேரும் வெளியே ஓடினோம். அக்கா வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், காற்று வருகிறது, அவ்வளவுதான். படிக்கட்டில் இறங்கும்போதே கீழே பாதையில் ஒரு ஜீப் ஹார்ன் இல்லாமல் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் நான் கேட்ட சத்தங்களிலேயே அதைத்தான் மறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாதைக்கு வந்து பார்த்தால், வளைவுக்கு ஒரு எட்டு இந்தப் பக்கம், தேயிலைச் செடி ஓரம் ஜெனி நின்றிருந்தாள். அவள் கால் விரல்களுக்கு முன்னால் சேற்றில் டயர் தடம் புதிதாக இருந்தது.

அக்கா அவளை வாரி எடுத்துக்கொண்டார். சாலமோன் அண்ணன் அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டார். ஜெனி அழவில்லை. இவர்கள் ஏன் இப்படி ஓடி வருகிறார்கள் என்பது போல் பார்த்தாள்.

"அம்மா நில்லுன்னு சொன்னாங்க. நான் நின்னுட்டேன்" என்றாள்.

இதுவரை நீங்கள் ஏதாவது காரணம் வைத்திருப்பீர்கள், நானும் வைத்திருந்தேன். பிளேயர் சத்தம் வெளியே கேட்டிருக்கும் என்பதுதான் அது. அந்தப் பெட்டியின் சத்தம் அடுத்த அறைக்கே போகாது, இருந்தாலும் மலையில் சத்தம் எப்படியெல்லாமோ போகும் என்று வைத்துக்கொண்டேன். அப்போது எதிர்ச் சரிவு லயத்திலிருந்து மரியபுஷ்பம் பனிக்குள் தடுமாறி இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எஸ்தரு! கொரலு வந்திருச்சா? எங்க வாசல் வரைக்கும் கேட்டுச்சே! நம்ம தண்ணித் தொட்டி பக்கம் நின்னா கூப்பிட்ட?"

தண்ணீர்த் தொட்டி வீட்டிலிருந்து மேலே, எதிர்த் திசையில். அக்கா குழந்தையை இறுக்கிக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார். மரியபுஷ்பத்தின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

வீட்டுக்குள் வந்து சாலமோன் அண்ணன் சொன்னதால் ஊசியை மறுபடி அதே இடத்தில் வைத்தேன். தகரக் கூரை, சொட்டு. வேறு ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப வைத்தேன். இல்லை.

இசைத்தட்டில் முன்னொலி என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பள்ளத்தில் கீறிய பெரிய சத்தம் இந்தப் பள்ளத்தின் சுவரையும் லேசாக நெளித்துவிடும், அதனால் பாட்டு தொடங்குவதற்கு ஒரு சுற்று முன்னாலேயே அது மெல்லக் கேட்கும். படிக்கும் காலத்தில் எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம். பஸ்ஸில் இறங்கி வரும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று முன்னால் கேட்கலாம். இன்னும் நடக்காத மத்தியானம் எப்படிக் கேட்கும்?

கோயம்புத்தூர் வந்து அந்தத் தட்டை ஹெட்போனில் கேட்டேன். தகரக் கூரை முடிந்து, ஊசி நடுப்பக்கம் வேகமாக ஓடும் வெறும் சுற்று ஒன்று வரும். அங்கே நான் எதுவும் அனுப்பவில்லை, யாரும் அனுப்புவதும் இல்லை, ஊசியை வெளியே கொண்டுபோகும் வழி அது. அதில் அக்காவின் குரல் இருந்தது. அதே ராகம், கீழே தொடங்கி, ஒரு மூச்சு நின்று, வானத்துக்கு.

"ஆரோனே... ஓ... அங்க போவாத, நில்லு!"

உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். மழமழவென்று இருக்க வேண்டிய பள்ளம் நெளிநெளியாக இருந்தது. மற்ற மாதிரித் தட்டுகளில் அது மழமழவென்றுதான் இருந்தது. கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். இதை நான் யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை, ஏனென்றால் என் தொழிலில் இருக்கும் யாரும் இப்படி ஒன்றைச் சுலபமாகச் செய்துவிடலாம். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள்.

ஆரோன் என்று அந்த வீட்டில் யாரும் இல்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மோட்டார் ஓடியது, தேய்ந்த பேரிங், சீராக ஒரு கிறீச். தொட்டியில் தண்ணீர் விழுந்தது. தோட்டத்தில் அப்படி மோட்டார் எதுவும் நான் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறைக்குப் போய் எங்கள் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன், அப்பா கிணற்று மோட்டாரைப் போட்டார். தட்டில் கேட்ட அதே கிறீச். தினமும் கேட்டு வளர்ந்த சத்தம், இடம் மாறிக் கேட்டதால் அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது.

தட்டு வெளிவந்தது. வந்த தட்டுகளில் எதிலும் எதுவும் இல்லை. நாள் போகப் போக நானும் கொஞ்சம் தேறினேன். பிறகு ஒருநாள் எஸ்தர் அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பச்சைக் குழந்தை, துணியில் சுற்றி. கீழே, "ஆண் பிள்ளை. ஞானஸ்நானப் பெயர் ஆரோன். ஜெனி அப்பா வச்சது."

நான் பெயரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மறைக்கக் கூடாது என்று தட்டை எடுத்துக்கொண்டு மேலே போய் இருவருக்கும் போட்டுக் காட்டினேன், எங்கள் கிணற்று மோட்டார் சத்தத்தையும் சொன்னேன். சாலமோன் அண்ணன் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப உங்க வீட்டுப் பக்கமே நாங்க வரல தங்கச்சி. தப்பா எடுத்துக்காத."

"நானே கூப்பிட மாட்டேனுங்கண்ணா" என்றேன்.

எஸ்தர் அக்கா பயப்படவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார், தன் குரலைக் கேட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார், போனில் எழுதி என் முன்னால் நீட்டினார். "நான் கூப்பிட்டா எம் பிள்ள நிக்கும்."

வீட்டில் அப்பாவிடமும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நம்பறது நம்பாதது அப்பறம் கண்ணு. கெணத்துக்கு மூடி போடறதுல என்ன நட்டம்?"

பழைய மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்கினார். கிணற்றின் சிமெண்ட் வாய் முழுக்க இரும்புக் கம்பி மூடி செய்து, அப்பாவும் பட்டறைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தார்கள், வைத்துவிட்டு இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கிறீச் இனி உலகத்தில் எங்கேயும் கிடையாது, அதனால் அந்த நாளும் வர முடியாது என்று நானே ஒரு கணக்குப் போட்டு நிம்மதியானேன்.

ஆரோன் இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறான். போன வாரம் அக்கா அவன் நடக்கும் வீடியோ அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த பிறகு, ஏன் என்று தெரியாது, தட்டை எடுத்துப் போட்டேன்.

கணினியில் நான் எடுத்து வைத்த பிரதியில் எங்கள் பழைய மோட்டார் அப்படியே ஓடுகிறது. தட்டில் இப்போது மோட்டார் இல்லை. முதலில் சிமெண்டின் மேல் இரும்பு உரசுகிற சத்தம். அதற்குப் பிறகுதான் அக்காவின் கூப்பாடு. இரண்டு ஆண்கள் திணறித் தூக்கி வைத்த மூடி, தட்டில் ஒரே இழுப்பில் நகர்கிறது.